ஸ்டேஷன் வைஃபையில் மெயில் திறந்ததால்தான் பணம் போனதா?

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 31 வயதுப் பெண், நான்கு பக்கத்துக்கு எழுதிய கடிதம் இது. ஆளும் கம்பெனியும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

எட்டு வருடமாக ஒரே கம்பெனி. முதலாளியை எல்லோரும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமெரிக்க பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் போயிருக்கிறது. அட்வான்ஸ் போக மீதி 18,400 டாலர், நம் பணத்தில் 15 லட்சத்துக்கும் மேல், சொன்ன தேதியில் வரவில்லை. கேட்டால், “நீங்கள் சொன்ன புது அக்கவுண்டில் போட்டுவிட்டோமே” என்று பதில் வந்திருக்கிறது. பையர் அனுப்பிய நகலைப் பார்த்தால், இவருடைய ஆபீஸ் மெயில் முகவரியிலிருந்தே, அடியில் இவர் பெயரும் போன் நம்பரும் போட்டு, “எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்த ஒரு முறை மட்டும் கீழே உள்ள கணக்கில் போடுங்கள்” என்று ஒரு மெயில். கணக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு வங்கியில். பையர் சந்தேகப்பட்டு, “இது சரிதானா?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கும் “சரிதான்” என்று இவர் பெயரிலேயே பதில் போயிருக்கிறது. இந்த மெயில் எதையும் இவர் கண்ணால் கூடப் பார்க்கவில்லை.

இப்போது பழி இவர் தலையில். மூன்று வாரம் முன்பு கோவை ஜங்ஷனில் ரயில் தாமதமானபோது, ஸ்டேஷனின் இலவச வைஃபையில் போன் நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு, லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதியிருக்கிறார். இதை அவரே வெகுளியாகச் சொல்ல, அண்ணாவின் மகன் “பப்ளிக் வைஃபையில் மெயில் திறந்தால் இப்படித்தான் ஆகும்” என்று முடிவு கட்டிவிட்டார். 26,000 சம்பளத்தில் மாதம் 8,000 பிடிக்கப் போகிறார்களாம். ‘என் கவனக்குறைவால்தான் இது நடந்தது’ என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பை ஃபார்மட் செய்ய சர்வீஸ் ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. “தப்பு என்னுடையதுதானா? சம்பளத்தில் பிடிக்கலாமா? போலீஸுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களோ? இனி வெளியே வைஃபையைத் தொடவே கூடாதா?” என்று கேட்கிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் எனக்கு வந்தது அதே ஆபீஸ் மெயில் பெட்டியிலிருந்து. திருடன் அந்தப் பெட்டிக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எழுதியதை அவனும் படித்திருப்பான், நான் அனுப்பும் பதிலையும் படிப்பான். அதனால்தான் மெயிலில் ஒரு வரி கூட எழுதாமல், கடிதத்தில் நீங்கள் கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். லேப்டாப்பை ஃபார்மட் செய்ய விடாதீர்கள், இந்த விஷயத்தைப் பற்றி அந்த மெயிலில் யாருக்கும் எழுதாதீர்கள் என்று இரண்டே விஷயம் சொன்னேன். லேப்டாப் இப்போது பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மற்றதை இங்கே விரிவாக எழுதுகிறேன், உங்களைப் போல இதே இடத்தில் மாட்டிக்கொண்ட பலருக்கும் உதவும்.

வைஃபை மேல் பழி போடுவது ஏன் சரியில்லை

அண்ணாவின் மகன் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2010 அக்டோபரில் ‘ஃபயர்ஷீப்’ என்று ஒரு சின்ன மென்பொருள் வெளிவந்தது. காபிக் கடையில் ஒரே வைஃபையில் இருக்கும் பக்கத்து மேஜைக்காரருடைய சமூக வலைத்தளக் கணக்குக்குள் அதை வைத்து ஒரே கிளிக்கில் நுழைய முடிந்தது. அப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டில்லாமல்தான், அதாவது வழியில் மற்றவர் படிக்க முடியாதபடி ரகசியக் குறியீடாக மாற்றாமல்தான், தகவலை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தப் பயம்தான் இன்றுவரை வாய்மொழியாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஜிமெயில் அதே 2010 ஜனவரியிலேயே எல்லோருக்கும் பூட்டிய இணைப்புக்கு மாறிவிட்டது, பிறகு கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் மாறிவிட்டன. உங்கள் கம்பெனி மெயிலும் ஜிமெயில் வழியாகத்தான் ஓடுகிறது என்று போனில் சொன்னீர்கள். அப்படியானால் ஸ்டேஷன் வைஃபையை நடத்துகிறவருக்கோ, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கோ நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியலாம், அங்கே என்ன எழுதினீர்கள், என்ன பாஸ்வேர்டு போட்டீர்கள் என்பது தெரியாது. இடையில் யாராவது குறுக்கிட்டிருந்தால் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் முழுத்திரையில் எச்சரித்திருக்கும். அப்படி எதுவும் வரவில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்கள்.

ஓடிபி கொடுத்ததை நினைத்தும் பயந்திருக்கிறீர்கள், அது தேவையில்லை. 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஒருவர் வீட்டு வைஃபையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகு, 2009-ல், பொது வைஃபை கொடுப்பவர்கள் பயன்படுத்துகிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதி கொண்டுவந்தது. ஸ்டேஷனில் நம்பர் கேட்பது அதற்காகத்தான். அந்த ஓடிபி வைஃபையைத் திறக்கும், உங்கள் மெயிலைத் திறக்காது.

அப்படியானால் பொது வைஃபையில் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு வடிவத்தில். ஆஸ்திரேலியாவில் ஒருவர் பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளேயும் அங்குள்ள வைஃபை போலவே பெயர் வைத்த போலி வைஃபையை ஒரு சின்னக் கருவியில் ஓடவிட்டதாக 2024-ல் அந்த நாட்டுப் போலீஸ் வழக்குப் போட்டது, பிறகு தண்டனையும் கிடைத்தது. அவர் யாருடைய பூட்டையும் உடைக்கவில்லை. இணைந்ததும் ஒரு பக்கம் வரும், ‘உங்கள் மெயில் கணக்கிலோ சமூக வலைத்தளக் கணக்கிலோ உள்ளே வாருங்கள்’ என்று கேட்கும். கேட்டதும் ஜனங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். ஆகவே கோவை ஜங்ஷனில் நடந்ததில் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வைஃபை பக்கத்தில் போன் நம்பரும் ஓடிபியும் தவிர மெயில் பாஸ்வேர்டு கேட்டதா? கேட்கவில்லை என்றீர்கள். சரி, அந்த வழி அடைபட்டது.

கடிதத்தில் நீங்கள் ‘சும்மா’ என்று சொன்ன இரண்டு விஷயம்

மூன்றாம் பக்கத்தில், “இதற்குச் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்” என்று தொடங்கி இரண்டு சம்பவங்களை எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்று, ஆபீஸ் பிரிண்டர் ரிப்பேரான அன்று பஸ் ஸ்டாண்டு அருகில் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைத் திறந்து பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுத்தது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், கடைப் பையன் ‘அக்கா சீக்கிரம்’ என்கிறான், பிரவுசர் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?’ என்று கேட்டதற்கு எதையோ அழுத்திவிட்டு, பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். லாக்-அவுட் செய்தேனா என்று ஞாபகம் இல்லை என்கிறீர்கள். நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் தினமும் செய்யும் காரியம் இது, ஆதார் நகலிலிருந்து வேலை விண்ணப்பம் வரை. அந்தக் கடைக்காரர் திருடர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் யார் யாரோ பென் டிரைவ் சொருகும் அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வைரஸ் இருக்கும் என்று அவருக்கே தெரியாது. தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்து வெளியே அனுப்பும் மென்பொருள் அதில் இருந்தால், பூட்டிய இணைப்பெல்லாம் பிரயோஜனமே இல்லை.

இரண்டு, அதற்கு ஒரு வாரம் கழித்து ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் மெயில் நின்றுவிடும்’ என்று வந்த மெயில். அதில் இருந்த லிங்க்கைத் தொட்டு, உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டீர்கள். ‘பூட்டுப் படம் இருந்தது, அதனால் நம்பினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பூட்டு, போகும் வழி பத்திரமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். போய்ச் சேரும் வீடு யாருடையது என்று சொல்லாது. திருடனும் தன் பக்கத்துக்கு ஐந்து நிமிடத்தில், காசில்லாமல், அந்தப் பூட்டை வாங்கிவிடலாம்.

எது காரணம் என்று என்னால் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது, அது விசாரணையில் தெரிய வேண்டியது. ஆனால் வைஃபையை விட இந்த இரண்டும் பல மடங்கு வலுவான சந்தேகம். இன்னும் சில விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம். அது நான்கு பேருக்குத் தெரியும். பாஸ்வேர்டு போட்டபின் போனுக்கு வரும் இரண்டாவது உறுதிப்பாடு அண்ணாவின் மகனுடைய போனுக்குப் போய்க்கொண்டிருந்ததால், அவர் வெளியூரில் இருக்கும்போதெல்லாம் தொந்தரவு என்று போன தீபாவளி சமயத்தில் அவரே அதை நிறுத்தி வைத்தார். அந்த ஒன்று மட்டும் இயங்கிக்கொண்டிருந்திருந்தால், ஜெராக்ஸ் கடையிலோ போலிப் பக்கத்திலோ பாஸ்வேர்டு போயிருந்தாலும் திருடன் வாசலிலேயே நிற்க வேண்டி வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. எனக்கு இதில் உள்ளபடியே வருத்தம் என்னவென்றால், நான்கு பேர் சேர்ந்து திறந்து வைத்த கதவுக்கு ஒருத்தர் சம்பளத்தில் விலை போடுகிறார்கள்.

பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பையர் ‘சரிதானா?’ என்று கேட்டு அனுப்பிய மெயில் உங்கள் பெட்டிக்குத்தான் வந்தது. பதிலும் உங்கள் முகவரியிலிருந்துதான் போனது. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட்டு மெயில் அனுப்பலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்படிச் செய்கிறவனுக்குத் திரும்பி வரும் கேள்வியைப் படிக்க முடியாது. இவன் படித்திருக்கிறான், பதிலும் போட்டிருக்கிறான். ஆகவே அவன் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறான். நீங்கள் ஏன் பார்க்கவில்லை? பெரும்பாலும் அவன் ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருப்பான்: இந்த பையரிடமிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறித்து வேறு இடத்துக்குத் தள்ளிவிடு என்று. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே வேலை செய்யும். வேறு முகவரிக்கு நகல் போகும்படி செய்து வைத்திருந்தால், வெளியே நின்றுகொண்டே உங்கள் மெயிலையெல்லாம் படித்துக்கொண்டிருப்பான்.

ஆகவே, வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில், போலீஸ் புகார் எழுதத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், அப்புறம்தான் கை வையுங்கள். செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ் பகுதியையும் ஃபார்வர்டிங் பகுதியையும் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்தால் பக்கத்தின் அடியில் வலது மூலையில் ‘டீடெயில்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தொட்டால் கடைசியாக எங்கிருந்தெல்லாம் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல் நாளாக நாளாக மறைந்துபோகும், அதனால் இன்றே எடுத்துவிடுங்கள். கணக்கை மீட்பதற்கான போன் நம்பரும் மாற்று மெயிலும் உங்களுடையதுதானா, தெரியாத செயலி எதற்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் பதிவானபின் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, புதுப் பாஸ்வேர்டு, இரண்டாவது உறுதிப்பாடு. அது இனிமேல் யார் மெயிலோ அவர் போனுக்கே வர வேண்டும்.

எந்த மெயிலையும் அழிக்காதீர்கள். பையர் திருப்பி அனுப்பிய நகல் மட்டும் போதாது, திருடன் அனுப்பிய மெயிலை பையர் தன் பெட்டியில் திறந்து, ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்து, அந்த முழு விவரத்தையும் கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மெயில் எந்த வழியாக வந்தது என்பதற்கான தடம் அதில்தான் இருக்கும். நீதிமன்றத்துக்குப் போகும்போது மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், மூலக் கருவியும் மூல மெயிலும் இருந்தால் அது எளிது. லேப்டாப்பை ஃபார்மட் செய்தால் உங்கள் மேல் தப்பில்லை என்று காட்டக்கூடிய சாட்சியும் சேர்ந்து அழிந்துபோகும். அதற்காகத்தான் அவ்வளவு அவசரமாகப் போன் செய்தேன்.

பணத்துக்கு என்ன வழி

பணத்தை அனுப்பியது பையர். எனவே பணத்தை நிறுத்தச் சொல்லும் முதல் குரலும் பையருடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர் இன்றே தன் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்கும்படி எழுத்தில் கொடுக்க வேண்டும். அதோடு அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையமான ஐ.சி.3 தளத்தில் புகார் போட வேண்டும். இப்படிப் போகும் பணத்தை மடக்குவதற்கென்றே 2018 முதல் அவர்களிடம் ஒரு தனிக்குழு இருக்கிறது. தொழில் மெயிலுக்குள் புகுந்து செய்யும் இந்த வகை மோசடியில் 2023-ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அவர்களுக்குப் புகார் வந்திருக்கிறது, ஆகவே இது உங்கள் ஒருத்தருடைய அசட்டுத்தனம் என்று நினைத்துக் குமைய வேண்டாம். பணம் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. முதல் இரண்டு மூன்று நாளில் இருக்கும் வாய்ப்பு இப்போது இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இருந்தாலும் அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருக்கிறதா என்பது கேட்டால்தான் தெரியும்.

நம் பக்கத்தில் கம்பெனி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம், திருப்பூரிலேயே நேரில் போய்க் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. 1930 என்ற எண், பணம் இந்திய வங்கிக் கணக்குகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வழியில் மறிப்பதற்காக ஏற்பட்டது. உங்கள் விஷயத்தில் பணம் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிருப்பதால் அந்த எண் பணத்தை மடக்கிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். (இதைப் படிக்கும் மற்றவர்கள், உங்கள் இந்தியக் கணக்கிலிருந்து பணம் போனால் யோசிக்காமல் முதலில் 1930-க்கு அடியுங்கள், அப்புறம் வங்கிக்கு.) இன்னொருவர் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி, இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை. அந்தக் குற்றங்களில் உங்கள் பெயர் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில்தான் வரும். உங்களை விசாரிப்பார்கள், லேப்டாப்பைக் கேட்பார்கள், கொடுங்கள், வாங்கியதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். ஜெராக்ஸ் கடை, ‘பெட்டி நிரம்பிவிட்டது’ மெயில் இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால்தான் சந்தேகம் வரும்.

நஷ்டம் யாருக்கு என்ற கேள்வியை, பணம் போனால் நமக்குத்தான் என்று அண்ணா ஏற்கனவே தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் தீர்ந்துபோகவில்லை. அமெரிக்காவில் இரண்டு கார் விற்பனை நிறுவனங்களுக்கு இடையில் இதே மாதிரி மெயில் மோசடி நடந்து வழக்கானபோது, 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்தத் தரப்பு நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியும் என்று விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்றது. உங்கள் பையர் கணக்கு மாறியதும் சந்தேகப்பட்டிருக்கிறார், ஆனால் போனில் ஒரு வார்த்தை கேட்காமல் அதே மெயிலிலேயே கேட்டிருக்கிறார். உங்கள் பக்கம் பாதுகாப்பில்லாத பெட்டி. இருவரும் பேசிப் பங்கிட்டுக்கொள்ள இடமிருக்கிறது, அடுத்த சீசன் ஆர்டரில் சரிக்கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஏற்றுமதி பில் நிலுவையில் நிற்பதற்கான காரணத்தைப் புகார் நகலோடு உங்கள் வங்கிக்கும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தனித் தலைவலியாகும்.

‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் தொலைத்தவர்களைக் குறிவைத்து வரும் அடுத்த மோசடி அது.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

அவர்கள் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. 1936-ஆம் ஆண்டின் பழைய ஊதியச் சட்டத்திலும் சரி, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ, கணக்குக் காட்ட வேண்டிய பணமோ, அவருடைய அலட்சியத்தால் நேரடியாக நஷ்டமானால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கும் முன்னால் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. பையர் அனுப்பிய பணம் உங்கள் கைக்கு வரவே இல்லை, நீங்கள் காஷியரும் இல்லை. ‘நேரடியாக’ என்ற சொல்லுக்கு முன்னால், நான்கு பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டும், நிறுத்தி வைத்த இரண்டாவது உறுதிப்பாடும் பெரிய தடையாக நிற்கும்.

லிங்க்கைத் தொட்டது தப்புதானே என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், வங்கியிலிருந்து வந்ததாக நம்பி ஒரு போலி மெயிலுக்கு விவரங்களைக் கொடுத்துப் பணத்தை இழந்தார். வாடிக்கையாளரின் அலட்சியம்தான் காரணம் என்று வங்கி வாதாடியது. தமிழகத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து 2010 ஏப்ரலில் அந்த வங்கியே 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்கு அது, உங்களுடையது வேறு. ஆனாலும் ஏமாந்தவர் தலையில் முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டு, பாதுகாப்புச் செய்ய வேண்டியவர் கையைக் கழுவ முடியாது என்ற நியாயம் இரண்டுக்கும் பொதுதான்.

அவர்கள் கேட்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டு வருடப் பழக்கம், அண்ணா முகத்தைப் பார்த்தால் மறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. சண்டை போடச் சொல்லவில்லை. அவர்கள் எழுதித் தரும் வாசகத்துக்குப் பதில் இதைக் கொடுங்கள்:

“தாங்கள் கேட்டபடி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பையர் வேறு கணக்கில் பணம் போட்டது எனக்கு இந்தத் தேதியில்தான் தெரிய வந்தது. அந்தக் கணக்கு விவரம் உள்ள மெயில்களை நான் எழுதவில்லை, பார்க்கவும் இல்லை. அந்த மெயில் பெட்டியின் பாஸ்வேர்டு என்னையும் சேர்த்து நான்கு பேருக்குத் தெரியும். இரண்டாவது உறுதிப்பாடு போன தீபாவளி சமயத்திலிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. லேப்டாப்பை ஃபார்மட் செய்யாமல் வைத்திருக்கும்படியும், கம்பெனி சார்பில் உடனே சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு முழுவதும் ஒத்துழைப்பேன்.”

இதில் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. இதையும் மீறிச் சம்பளத்தில் கை வைத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், அதற்கு இந்தக் கடிதமே அடிப்படையாக இருக்கும்.

இனி வெளியே போகும்போது

வைஃபையைத் தொடவே கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். தொடலாம். பெயரை அங்கே இருப்பவர்களிடம் கேட்டு இணையுங்கள், தானாக இணையும் வசதியை நிறுத்தி வையுங்கள், வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லுங்கள். வைஃபை பக்கம் மெயில் பாஸ்வேர்டு கேட்டாலோ, பிரவுசர் எச்சரித்தாலோ, ஏதாவது மென்பொருளை இறக்கச் சொன்னாலோ உடனே துண்டித்துவிட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். பணப் பரிமாற்றத்துக்கு எப்போதும் போன் டேட்டாவே போதும். அண்ணாவின் மகன் எல்லோருக்கும் வி.பி.என். (நம் இணையப் போக்குவரத்தை இன்னொரு நிறுவனம் வழியாகப் பூட்டி அனுப்பும் சேவை) வாங்கப் போகிறார் என்றீர்கள், வாங்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் போலிப் பக்கத்தில் நாமே பாஸ்வேர்டு தட்டினால் வி.பி.என். அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்த் திருடனிடம்தான் சேர்க்கும். இலவச வி.பி.என். செயலிகள் பக்கம் போகவே வேண்டாம், உங்கள் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவர் வழியாக அனுப்புவது அது.

ஜெராக்ஸ் கடையில் மெயிலைத் திறக்காமல், பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரு கோப்பை மட்டும் பென் டிரைவிலோ கடையின் வாட்ஸ்அப்பிலோ கொடுங்கள். அவசரத்தில் திறந்துவிட்டால், வெளியே வந்ததும் உங்கள் போனிலிருந்தே எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள். கம்பெனிக்கு ஒரே ஒரு வழக்கம் போதும்: வங்கிக் கணக்கு மாற்றம் என்று யாரிடமிருந்து, எந்த மொழியில், எவ்வளவு அவசரமாக மெயில் வந்தாலும், ஏற்கனவே தெரிந்த நம்பருக்கு அடித்துக் குரலைக் கேட்ட பிறகுதான் பணம். எங்களிடமிருந்து கணக்கு மாற்றம் மெயிலில் வரவே வராது என்று ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் அச்சடித்துவிடுங்கள், பையரும் அதைப் பார்ப்பார்.

திங்கட்கிழமை கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்று மாலையே தபால் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்டில் கம்பெனி முகவரிக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், மெயில் வேண்டாம்.